நடுங்கும் நிலமும் தனிநாயகனும்: ‘ரிக்டர் 10’ நாவலை ஒலுவிலிலிருந்து நோக்குதல்

அறிவியற் புனைகதையைப் பொழுதுபோக்கு இலக்கியமென ஒதுக்கிவிடும் போக்கு நமது திறனாய்வுத் துறையில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. முற்போக்கு விமர்சகர்களும் இதற்கு விலக்கல்லர். யதார்த்தவாதத்துக்காக வாதாடியோர், நடவாத உலகங்களைச் சித்திரிக்கும் கதைகளில் நடக்கும் உலகத்தின் வர்க்க உறவுகள் எவ்வாறு படிந்து கிடக்கின்றன என்பதை ஆராயப் பெரிதும் முனைந்திலர். இக்கட்டுரை அக்குறை முழுவதையும் தீர்க்க வந்ததன்று. ஒரு நாவலை, ஒரு குறிப்பிட்ட கடற்கரையில் நின்று வாசிக்கும் முயற்சியே இது. அந்நாவல் 1996 இல் வெளிவந்த ‘ரிக்டர் 10’. அட்டையில் இரு பெயர்கள் உள்ளன: ஆதர் சி. கிளார்க், மைக் மக்குவே. கதைக்கான சுருக்கம் கிளார்க்கினுடையது. அதனை நாவலாக விரித்தெழுதியவர் மக்குவே. நூல் அச்சில் வருமுன்னரே, 1995 இல், மக்குவே காலமானார். ஆகவே இந்நாவலின் குறைநிறைகளை இருவருள் எவர் கணக்கில் எழுதுவது என்ற வினா எழுதல் இயல்பு. அவ்வினாவில் நமக்கு அதிக அக்கறையில்லை. ஒரு பிரதியினுள் இயங்கும் சித்தாந்தம் கையொப்பங்களைப் பொறுத்து அமைவதன்று.

எனினும் கிளார்க் என்ற பெயர் இலங்கை வாசகருக்கு வெறும் அட்டைப்பெயரன்று. 1956 முதல் 2008 இல் கொழும்பில் மறையும் வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தவர். செய்தித் தொடர்புக்குப் புவிநிலைச் செய்மதிகளைப் பயன்படுத்தலாமென 1945 இலேயே விளக்கி எழுதியவர். இலங்கைக் கடல்கள் பற்றி 1957 இல் அவர் வெளியிட்ட நூலொன்றில், 1883 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் ஏற்பட்ட கடற்கொந்தளிப்பைக் குறிப்பிட்டுள்ளார். அதே அலை நமது கரையையும் தொட்டது. பாணமைப் பகுதியில் ஆற்றுவாய் மணற்றிட்டைக் கடந்துகொண்டிருந்த, நெல் சுமந்த பெண்கள் அதில் அகப்பட்டனர் என்றும், அவர்களுள் ஒருத்தி இறந்தாள் என்றும் அக்காலப் பதிவுகள் கூறும். பெயர் பதியப்பெறாத அக்கூலிப் பெண்ணை மனத்திற் கொண்டே நாம் இந்நாவலுக்குள் நுழைகின்றோம்.

கதையின் போக்கைச் சுருங்கக் கூறலாம். 1994 ஜனவரி 17 இல் கலிபோர்னியாவின் நோர்த்ரிட்ஜ் பகுதியில் மெய்யாகவே நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த சிறுவன் லூயிஸ் கிரேன். அவனது கையொன்றும் ஊனமடைகின்றது. வளர்ந்து புவிநடுக்கவியல் அறிஞனாகின்றான். நோபல் பரிசும் பெறுகின்றான். முதலில் நிலநடுக்கங்களை முன்னறிந்து கூறுவது அவனது இலட்சியம். பின்னர் அது போதாதாகின்றது. நிலநடுக்கமே நிகழாதவாறு, புவியோட்டின் தகடுகளை அவற்றின் விளிம்புகளில் அணுகுண்டு வெடிப்புகளின் வெப்பத்தால் உருக்கி ஒட்டிவிட வேண்டுமெனத் திட்டமிடுகின்றான். பூமியை ஒட்டவைத்தல் என்னும் இவ்வெண்ணமே நாவலின் உயிர். கதை நிகழும் எதிர்காலத்தில் அமெரிக்க அரசியல் சீனக் கூட்டுத்தாபனங்களின் பிடியிலுள்ளது. மத்திய கிழக்கு அணுகுண்டுகளால் நாசமாகி, அதன் கதிரியக்க மேகம் உலகைச் சுற்றுகின்றது. ஓசோன் படை சிதைந்து வெயிலே பகையாகியுள்ளது. கறுப்பின முஸ்லிம்கள் நகரங்களுக்குள் மதிலிட்ட வலயங்களில் அடைபட்டுக் கிடக்கின்றனர்.

இப்பின்னணி கவனிக்கத்தக்கது. பெருமூலதனம் அரசை விழுங்குதல், சூழலழிவு, இனவொதுக்கல், அணுவாயுதப் பேரழிவு ஆகியன அனைத்தும் ஒருங்கே காட்டப்படுகின்றன. 1990களின் நடுப்பகுதியில், சோவியத் ஒன்றியம் சரிந்து முதலாளித்துவமே வரலாற்றின் முடிவெனப் பறைசாற்றப்பட்ட வேளையில், சந்தைக்காக எழுதப்பட்டவொரு நாவல் இவ்வளவு இருளைக் கண்டிருப்பது பாராட்டுக்குரியதே. ஆயின் கண்டதை அது என்ன செய்கின்றது? இத்தனை முரண்பாடுகளும் கதையின் அரங்கப் பொருள்களாக நின்றுவிடுகின்றன. கதையை நகர்த்தும் முரண்பாடு ஒன்றேயொன்று: கிரேன் எனும் மனிதனுக்கும் நிலநடுக்கம் எனும் பகைவனுக்கும் இடையிலானது. சிறுவயதில் தன் வீட்டை அழித்த மிருகத்தைத் தேடிச் சென்று கொல்லும் வீரனின் கதையமைப்பு இது. நிலம் இங்கே பொருளன்று, எதிரி.

நிலநடுக்கத்தை இலக்கியம் கையாண்ட வரலாற்றை இங்கு சிறிது நோக்குதல் தகும். 1755 நவம்பர் முதலாம் திகதி லிஸ்பன் நகரம் அழிந்தபோது, இறைவனின் நீதி எங்கேயென வோல்டயர் வினவினார். அவருக்கு மறுமொழியாக 1756 இல் ரூசோ எழுதிய மடல், வினாவையே இடம்பெயர்த்தது. ஆறேழு மாடிகள் கொண்ட இருபதினாயிரம் வீடுகளை அவ்விடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்பது ரூசோவின் வாதம். பேரனர்த்தம் என்பது இயற்கையின் அசைவும் சமூகத்தின் அமைப்பும் மோதுமிடத்தில் விளைவது என்ற உண்மை அன்றே உணரப்பட்டது. ‘ரிக்டர் 10’ ரூசோவுக்கு முற்பட்ட இடத்துக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. இறைவனின் இடத்தில் அறிஞன் அமர்ந்திருக்கின்றான் என்பதே வேறுபாடு.

தலைப்பில் உள்ள எண்ணும் இம்மனப்பாங்கின் வெளிப்பாடே. ரிக்டர் அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது. ஒரு படி உயரும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகின்றது. கருவிகளால் அளக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியது 1960 இல் சிலியில் நிகழ்ந்த 9.5 அளவினது. பத்து என்பது நிகழாத எண். அதனாலேயே கவர்ச்சியான எண். அழிவை எண்ணால் அளக்கப் பழகிய வாசகனுக்கு இடிந்த வீட்டின் சொந்தக்காரர் யார் என்ற வினா எழுவதில்லை. நோர்த்ரிட்ஜ் நடுக்கம் 6.7 அளவினது, இறந்தோர் சில பத்துப் பேர். சரியாக ஓராண்டின் பின், 1995 ஜனவரி 17 இல், ஜப்பானின் கோபே நகரில் நிகழ்ந்தது அதனினும் சற்றே பெரிது. இறந்தோர் 6,400க்கு மேல். அளவுகோலின் சிறு வேறுபாட்டைக் கொண்டு இந்த இடைவெளியை விளக்கவியலாது. பழைய மரவீடுகள் நெருங்கிய தெருக்களில் யார் குடியிருந்தனர் என்பதையும் கேட்க வேண்டியுள்ளது.

தகடுகளை ஒட்டவைத்தல் பௌதிக ரீதியிற் சாத்தியமா என்பதைப் புவியியலாளர் ஒரு வாக்கியத்தில் மறுத்துவிடுவர். தகடுகளின் நகர்வு பூமியின் உள்வெப்பம் வெளியேறும் வழியோடு பிணைந்தது; வழியை அடைத்தால் வெப்பமும் நிற்காது, அழுத்தமும் நிற்காது. மனிதச் செயலே நிலத்தை நடுங்கச் செய்யவல்லது என்பதும் இந்நாவல் எழுதப்படுமுன்னரே அறியப்பட்டிருந்தது. 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கட்டருகே ஏற்பட்ட நடுக்கம் நீர்த்தேக்கத்தோடு தொடர்புடையதெனப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஆயினும் அறிவியற் பிழை காட்டிப் புனைகதையை நிராகரிப்பது திறனாய்வாகாது. இக்கற்பனை எவ்வாறு பிறந்தது என்பதே நமது கேள்வி. அணுகுண்டை மண்வெட்டியாகப் பயன்படுத்தும் கனவு கிளார்க்கினதோ மக்குவேயினதோ தனிக்கற்பனையன்று. துறைமுகங்களையும் கால்வாய்களையும் அணு வெடிப்பால் தோண்டும் ‘புளோஷெயர்’ திட்டத்தை அமெரிக்க அரசு 1957 முதல் 1977 வரை நடத்தியது. சோவியத் ஒன்றியம் பொருளாதார நோக்கங்களுக்கென 1965 முதல் 1988 வரை நூற்றுக்கு மேற்பட்ட அணு வெடிப்புகளை நிகழ்த்தியது. இதனை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. இயற்கையை வெல்லுதல் என்ற முழக்கத்தை நமது முகாமும் ஒருகாலத்தில் விமர்சனமின்றி ஏற்றிருந்தது. ஆரல் கடல் அதற்குக் கொடுத்த விலை. இயற்கை மீது நாம் கொள்ளும் ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிதீர்த்துக்கொள்கின்றது என்ற கருத்தை, குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரையில் ஏங்கெல்ஸ் விளக்கியிருந்தும், அவரது சீடர்கள் அப்பக்கத்தை விரைந்து புரட்டிவிட்டனர்.

முன்னறிதல் குறித்தும் இத்தகைய நேர்மை வேண்டும். 1975 பெப்ரவரியில் சீனாவின் ஹைசெங் நகரம் நடுக்கத்துக்கு முன்னரே காலிசெய்யப்பட்டது. விவசாயிகளும் பாடசாலை ஆசிரியர்களும் கிணற்று நீரையும் விலங்குகளின் நடத்தையையும் கவனித்துத் தெரிவித்தமை மக்கள் விஞ்ஞானத்தின் வெற்றியென உலகெங்கும் இடதுசாரிகளாற் கொண்டாடப்பட்டது. முன்னதிர்வுகள் தொடர்ச்சியாக வந்தமையே அவ்வெச்சரிக்கைக்குப் பெரிதும் துணைசெய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் டாங்ஷான் நகரம் எச்சரிக்கை ஏதுமின்றித் தரைமட்டமாயிற்று. அரச கணக்கின்படியே 2,42,000 பேர் இறந்தனர். ஆகவே கிரேனின் தனிமனித முன்னறிவிப்பை எள்ளி நகையாட நமக்கு முழு உரிமை கிடையாது. ஆயினும் ஹைசெங்கில் கூட்டாகக் கண்காணித்த மக்கள் இருந்தனர். நாவலில் முன்னறிவிப்பு என்பது ஊடகங்களையும் பிரமுகர்களையும் கூட்டிவைத்து நிகழ்த்தப்படும் காட்சி. தொடக்கத்தில் வரும் ஜப்பானிய சாடோ தீவுக் காட்சியைக் கூர்ந்து படிப்போர் இதனை உணர்வர். தீவின் குடிமக்கள் அக்காட்சியின் பின்திரையாகவே நிற்கின்றனர்.

இனி நாம் நாவலின் நெஞ்சுக்கு வருவோம். நமது நோக்கில் அது கிரேன் அல்லன்; டான் நியூகோம்ப். கறுப்பின அறிஞனாகிய இவன் கிரேனின் சகபாடி. நில அதிர்வின் சேதம் எவ்விடத்தில் எவ்வாறு பரவுமென்று கணிக்கும் கோட்பாடு இவனுடையது. மதிலுக்குள் அடைபட்ட தன் மக்களின் விடுதலை இயக்கம் இவனை ஈர்க்கின்றது. ‘நேஷன் ஒவ் இஸ்லாம்’ தலைவர் இஸ்மாயிலின் அணியில் இணைந்து, அபூதாலிப் எனப் பெயர் மாறுகின்றான். பின்னர் கிரேனின் ஒட்டவைக்கும் திட்டத்தை எதிர்த்து நிற்கின்றான். ஒடுக்கப்பட்டோரிடையிலிருந்து வந்த விஞ்ஞானி, ஆளும் வர்க்கத்தின் மூலதனத்தோடு நடைபெறும் விஞ்ஞானத்தை எதிர்த்தல் என்பது உலக இலக்கியத்தில் அரிதான பாத்திர வாய்ப்பு. லூக்காக்ஸ் குறிப்பிடும் வகைமாதிரிப் பாத்திரத்துக்குரிய வரலாற்றுக் கனம் இங்கு திரண்டு நிற்கின்றது.

நாவல் அதனை என்ன செய்கின்றது என்பதே நமது முறைப்பாடு. நியூகோம்ப், லேனி எனும் பெண் அறிஞரின் காதலனாக இருந்தவன். லேனி கிரேனை மணக்கின்றாள். அக்கணம் முதல் அவனது அரசியலெல்லாம் ஏமாற்றமடைந்த காதலனின் குரோதமாக வாசகனுக்குத் தோன்றும்வண்ணம் கதை பின்னப்படுகின்றது. இயக்கம் திட்டத்தளத்தைத் தாக்க, லேனியும் குழந்தையும் மாள்கின்றனர். வாசகனின் அனுதாபம் முழுதும் கிரேன்பாற் சாய்கின்றது. சமூக முரண்பாட்டைப் படுக்கையறை முரண்பாடாக மாற்றிவிடுதல் முதலாளித்துவ நாவலின் பழைய உத்தி. விக்டோரிய நாவல் முதல் நமது சென்னைத் திரைப்படம் வரை அதன் ஆட்சியைக் காணலாம். இங்கு அதன் விளைவு பாரதூரமானது. திட்டம் சரியா, பிழையா. அதனைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்குரியது. குண்டுகள் வெடிக்கும் நிலத்தின் மேல் வாழ்வோர் கலந்தாலோசிக்கப்பட்டனரா: இவ்வினாக்கள் யாவும் கேட்கப்படாமலே புதைக்கப்படுகின்றன. ஏனெனில் அவற்றைக் கேட்டவன் கொலைப்பழி சுமந்தவன்.

இதனை இஸ்லாமியர் மீதான வெறுப்பு எனச் சிலர் விரைந்து தீர்ப்பளிக்கக்கூடும். அது சற்று மேலோட்டமான தீர்ப்பு. மதிலிட்ட வலயங்களின் அநீதியை நாவல் ஒப்புக்கொள்கின்றது. அதன் மக்கள் தமக்கென நிலம் கேட்பதன் நியாயத்தையும் முற்றாக மறுக்கவில்லை. 1930 இல் டெட்ரொயிட் நகரில் தோன்றிய ஓர் உண்மை இயக்கம் வேலையின்மை, வெள்ளையின வன்முறை ஆகியவற்றின் விளைநிலத்தில் வளர்ந்தது என்ற வரலாறும் ஆசிரியருக்குத் தெரியாததன்று. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒடுக்கப்பட்டோர் அழும்போது நாவல் அவர்களைப் புரிந்துகொள்கின்றது. விஞ்ஞானத்தின் திசைபற்றி அவர்கள் பேசத் தொடங்கியதும் அவர்களை வெறியராக்கிவிடுகின்றது. தாராண்மைவாதத்தின் எல்லை இதுவே. கல்முனையிலோ நிந்தவூரிலோ இந்நூலைக் கையிலெடுக்கும் முஸ்லிம் மாணவர் தம்மை அபூதாலிபில் காணவும் முடியாமல், கிரேனில் காணவும் முடியாமல் திணறுவர். அத்திணறலை நாம் வாசக அனுபவத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும்.

நமது கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை 6.59 அளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் பிளந்தது. பிளவின் நீளம் 1,200 கிலோமீற்றருக்கும் அதிகம். அவ்விடத்துக்கும் ஒலுவிலுக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடல். அலை வந்துசேர இரண்டு மணி நேரம் வரை எடுத்தது. ஹவாயிலுள்ள பசுபிக் எச்சரிக்கை நிலையம் நடுக்கம் நிகழ்ந்து கால் மணி நேரத்தில் தன் முதலாவது அறிவித்தலை, அளவைக் குறைத்து மதிப்பிட்டெனினும், வெளியிட்டுவிட்டது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு அன்று இருக்கவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் எனத் தொடரும் கரையில் மனிதர் சந்தைக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும் கடலுக்கும் போய்க்கொண்டிருந்தனர். இலங்கையில் மாண்டோர் முப்பதினாயிரத்துக்கு மேல். அவர்களுள் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். அன்று பாடசாலை மாணவராயிருந்த நமக்கு மையவாடிகளின் நீண்ட குழிகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

செய்மதித் தொடர்பைக் கற்பித்த மேதை வாழ்ந்த தீவு இது. கிளார்க்கினது ஹிக்கடுவைச் சுழியோடு நிலையத்தையும் அன்றைய அலை விட்டுவைக்கவில்லை. இதனைக் குத்தலாகக் கூறவில்லை. ‘ரிக்டர் 10’ தொழில்நுட்பத்தின் பற்றாக்குறையையே துன்பத்தின் வேராகக் காண்கின்றது: மேலும் துல்லியமான கணிப்பு, மேலும் பெரிய வெடிப்பு. டிசம்பர் 26 இல் அறிவு இருந்தது, கருவி இருந்தது, இரண்டு மணி நேரமும் இருந்தது. அறிவு கிடந்த அறையிலிருந்து கரைவலை இழுப்போரின் காதுவரை செல்லும் வழிதான் இல்லை. பசுபிக் கரையின் செல்வந்த நாடுகளுக்கு 1960களிலேயே கிட்டிய பாதுகாப்பு, இந்து சமுத்திரத்தின் வறிய கரைகளுக்கு ஏன் நாற்பதாண்டுகள் பிந்தியது என்பது பௌதிகவியல் விடையளிக்கக்கூடிய வினாவன்று.

அலையின் பின் வந்தவையும் நாவலின் கண்ணுக்குப் புலப்படாதவை. கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. ஒரு புறம் கடலும் மறு புறம் வயலுமாக நெருங்கி வாழும் சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதி. பின்னர் விதி தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் முகாம் வாழ்வு நீண்டது. 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்ட நிவாரணப் பொதுக்கட்டமைப்பில், பெருந்தொகையாக மாண்ட முஸ்லிம் மக்கள் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அக்கரைப்பற்றை அண்டிய நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள் இனவிகிதாசார வழக்கிற் சிக்கி, குடியேறுவோரின்றிப் பல்லாண்டுகள் பற்றை மண்டிக் கிடந்தன. பாழான வீட்டையல்ல, குடிபுகாத புதிய வீட்டை அனர்த்தத்தின் சின்னமாகக் கொள்ளும் நாவலொன்று நமக்கு வேண்டியுள்ளது.

ஜப்பானிய எழுத்தாளர் சாக்யோ கொமட்சு 1973 இல் வெளியிட்ட, ஜப்பான் தீவுக்கூட்டம் கடலில் மூழ்குவதைக் கூறும் நாவல் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அங்கும் ஓர் அறிஞன் முன்னறிகின்றான். ஆனால் நிலத்தைத் தடுத்து நிறுத்தலாமென எவரும் கனவு காணவில்லை. நிலமிழந்த கோடிக்கணக்கான மக்களை எந்நாடு ஏற்கும், நிலமின்றி ஓர் இனம் இனமாக நிலைக்குமா என்பனவே கதையின் வினாக்கள். கொமட்சுவின் தேசியவாதச் சாய்வு நமக்கு உடன்பாடன்று. வர்க்கப் பார்வையும் அங்கில்லை. எனினும் அகதிகளை மையத்தில் வைத்தமையால் அது வளமான நூல். காவிரிப்பூம்பட்டினம் கடலுள் மூழ்கிய செய்தியை மணிமேகலை மூலமும், கடல்கொண்ட குமரிக்கோடு பற்றிய நினைவைச் சிலப்பதிகாரத்தின் வழியும் பெற்ற நமது மரபு, ‘கடற்கோள்’ என்னும் சொல்லையும் தந்துள்ளது. அச்சொல்லை இழந்த பெருமைக்கான ஏக்கமாகவே பயன்படுத்திவந்தோமேயன்றி, இழந்தோர் எங்குச் சென்றனர், யாரிடம் கூலிக்கு அமர்ந்தனர் என்று கேட்டோமில்லை.

பூமியை ஒட்டவைத்தல் என்ற உருவகத்தை நாம் கண்முன்னே காணக்கூடிய இடம் ஒலுவில் துறைமுகம். மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவாகப் பேசப்பட்டது. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் முதலாம் திகதி திறக்கப்பட்டது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் துறைமுகமுமாகச் சேர்ந்து இப்பிரதேசத்தின் பின்தங்கிய நிலையை மாற்றுமென்ற நம்பிக்கை பொய்யான நம்பிக்கையன்று. புறக்கணிக்கப்பட்ட மக்களின் நியாயமான அவா அது. கடலினுள் இரு கல்லணைகள் நீண்டன. கிழக்குக் கரையோரமாக ஓடும் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்வது. கல்லணை அம்மணலைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து, துறைமுக வாயும் அடைபட்டது. வடக்கே மணல் வராமையால் கரை அரிக்கப்பட்டு, ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னந்தோப்புகளையும் மீனவர் வாடிகளையும் கடல் கொண்டது. எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. இயந்திரப் படகுகளும் வாயில் மணல் நிறையும்போதெல்லாம் உள்ளே சிறைப்பட்டன.

கிரேனின் திட்டத்துக்கும் இதற்குமுள்ள ஒற்றுமையை மிகைப்படுத்த விரும்பவில்லை. ஒன்று கற்பனை, மற்றது கல்லும் கடனும். ஆயினும் இரண்டின் தர்க்கமும் ஒன்றே. தொடர்ந்து நகரும் ஒன்றை ஒரு புள்ளியில் நிறுத்தினால், நிறுத்தப்பட்டது அழிவதில்லை. அதன் விளைவு அடுத்த ஊருக்கு, அடுத்த வீட்டுக்கு, பெரும்பாலும் குரலற்ற வீட்டுக்கு இடம்பெயர்கின்றது. மணலின் போக்கைத் தலைமுறைகளாக அறிந்தோர் கரைவலைக்காரர். எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் கரை ‘வெட்டும்’, எந்தப் பக்கம் ‘போடும்’ என்பது அவர்களின் தொழிலறிவு. திட்ட வரைபடத்தில் அவ்வறிவுக்கு இடமிருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்குமென்பது ஊகம். ஆனால் நாவலில் அபூதாலிபின் குரலுக்கு நேர்ந்ததும் கரையில் அவர்களது குரலுக்கு நேர்ந்ததும் ஒன்றுக்கொன்று அந்நியமானவையல்ல.

இன்னொரு குரலையும் பேசாதிருக்கவியலாது. அலையின் பின் நமது கரையில் எழுந்த விளக்கங்களுள் பரவலானது, பாவத்துக்கான தண்டனை என்பதாகும். பள்ளிவாசல்களில் மட்டுமன்று, கோயில்களிலும் தேவாலயங்களிலும் விகாரைகளிலும் இதனைக் கேட்டோம். இதனை மூடநம்பிக்கையென ஒரு சொல்லில் ஒதுக்கும் பகுத்தறிவாளரோடு நாம் உடன்படவில்லை. பிள்ளையை இழந்த தாய்க்கு, நடந்ததற்கு ஓர் ஒழுங்கு உண்டெனும் எண்ணம் தேவைப்பட்டது. கண்டனத்துக்குரியது வேறு: தண்டனைக் கோட்பாடு, எச்சரிக்கை தராத அரசையும் வீட்டைத் தராத நிர்வாகத்தையும் விடுவித்துவிடுகின்றது. வியப்பென்னவெனில், ‘ரிக்டர் 10’ இன் விஞ்ஞானவாதமும் அதே பணியைச் செய்கின்றது. ஒன்று குற்றத்தை மனிதரின் ஒழுக்கத்தில் வைக்கின்றது. மற்றது பாறையின் அசைவில் வைக்கின்றது. இரண்டுக்கும் நடுவே ஆட்சியும் சொத்துடைமையும் கறைபடாமல் நிற்கின்றன.

நாவலின் பிற்பகுதியில் கிரேன் சந்திரனில் ஒரு குடியிருப்பை அமைக்க முனைகின்றான். அங்கே நில அதிர்வின் அச்சமின்றி மனிதர் வாழலாமென்பது நோக்கம். இப்பகுதி எழுத்துநடையிலும் சோர்வானது; மக்குவேயின் விரைந்த வாக்கியங்கள் இங்கு வெறும் அறிக்கையாகத் தேய்கின்றன. எனினும் அதன் உட்கருத்து வெளிப்படையானது: பூமியைத் திருத்தவியலாவிடின் வெளியேறுவோம். வெளியேறும் வசதி எவருக்குண்டு என்பதை நாவல் கேட்கவில்லை.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமாத்திராக் கடலில் மீண்டும் 8.6 அளவில் நடுக்கம் ஏற்பட்டது. இம்முறை எச்சரிக்கை வந்தது. கிழக்குக் கரை மக்கள் பிள்ளைகளையும் முதியோரையும் துவிச்சக்கர வண்டிகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் ஏற்றிக்கொண்டு உட்புறம் நோக்கி விரைந்தனர். தகடுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. நிலம் அன்றும் அசைந்தது. இடையில் மாறியிருந்தது செய்தி வரும் வழி ஒன்றே. அவ்வழியை எவர் எவ்விதம் அமைத்தனர், ஒவ்வோர் ஊரிலும் அதனைக் காத்து நிற்போர் யார் என்ற கதையில் நோபல் பரிசு பெற்ற நாயகனுக்கு இடம் சிறிது; அபூதாலிபுக்கும், ஆற்றுவாயில் நெல் சுமந்த பெண்ணுக்கும் இடம் பெரிது.